கேட்டு வரைந்த முகம்

"அக்கா, நீங்கதான் ரிட்டையர் ஆயிட்டீங்களே, இனிமே டைம் இருக்கும். எங்களுக்கு எல்லாத்தையும் எழுதிக் குடுங்க" என்று கலை மையத்தின் வாட்ஸப் குழுவில் திவ்யா கேட்டிருந்தாள். என் இடத்துக்கு இந்தக் கோடையில் வந்திருப்பவள் அவள். எனக்கு வயது முப்பத்திரண்டு.

வேறு ஊர்க்காரர்கள் சிரிக்கலாம். கோலார் தங்கவயலில் யாரும் சிரிக்கவில்லை. சுரங்கத்தை மூடியபோது என் அப்பாவுக்கு நாற்பதுகூட ஆகியிருக்கவில்லை. மறுநாளிலிருந்து அவர் ரிட்டையர்டு. மீசை நரைக்காத ரிட்டையர்டுகள் லுங்கியோடு கேரம் ஆடிக்கொண்டிருந்த லைன் வீடுகளில் வளர்ந்தவள் நான். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கும் வயதுக்கும் சம்பந்தமில்லை. செய்த வேலை முடிந்துவிட்டது என்று பொருள், அவ்வளவுதான். என் வேலையும் போன மாதம் முடிந்தது. இப்போது பெங்களூரில் ஓர் அருங்காட்சியகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படங்களைக் காட்டிப் பேசுகிறேன். உட்கார இடம் கிடைக்கும் நாட்களில் ரயிலிலேயே இதை எழுதுகிறேன். எழுத்து குலுங்கினால் பங்காருப்பேட்டை தாண்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திவ்யா கேட்டவை இரண்டு. கோடைக் கண்காட்சியில் படங்களை ஏன் அத்தனை கீழே மாட்டுகிறோம், மாற்றிவிடலாமா? இதுவரை செய்ததிலேயே கஷ்டமான வேலை எது? முதல் கேள்விக்குச் சின்ன பதில்தான். இரண்டாவதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் கற்றுக்கொண்ட கதையை நீட்ட வேண்டாம். பெங்களூரில் ஓவியக் கல்லூரி. அப்புறம் ஒரு விளம்பர நிறுவனத்தில் பிஸ்கட் பாக்கெட்டின் பிஸ்கட்டுக்குப் பளபளப்பு ஏற்றும் வேலை. அந்தப் பிஸ்கட்டை என்னால் வாழ்நாளில் இனித் தின்ன முடியாது. எங்கள் ஊரில் மைசூர் மைன்ஸ் பக்கம் பழைய கூட்டுறவு ஸ்டோர் கட்டடத்தில் கலை மையம் ஒன்று நடக்கிறது, கோடை வகுப்புக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டிப் பார்த்தேன். சர்க்கரை மூட்டை அடுக்கிய அறையில் பிள்ளைகள் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். சீமெண்ணெய் வாசனை அப்போதும் சுவரில் இருந்தது. திங்கட்கிழமை ராஜினாமா செய்தேன். வீட்டில் இரண்டு வாரம் என்னோடு யாரும் பேசவில்லை.

முதல் கோடைக் கண்காட்சிக்குக் கல்லூரியில் படித்தபடி, நிற்கிற ஆளின் கண்மட்டத்துக்கு நூல் பிடித்து ஆணி அடித்து முடித்திருந்தேன். பொறுப்பாளர் கோமதி மேடம் வந்தார். பெண்கள் பள்ளியொன்றில் டிராயிங் டீச்சராக இருந்தவர். எதிரில் நிற்பவர்களைப் பார்த்துப் பேச மாட்டார், சுவரைப் பார்த்துத்தான் பேசுவார்.

"யாருக்கு மாட்டிருக்கே?"

"பாக்க வர்றவங்களுக்கு, மேடம்."

"வர்றவன் நிப்பானா?"

நிற்க மாட்டார்கள்தான். எங்கள் கண்காட்சிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நெஞ்சில் பாறைத் தூசி படிந்தவர்கள். வாசற்படி ஏறி வந்ததும் அவர்களுக்கு முதலில் நாற்காலி வேண்டும். உட்கார்ந்துகொண்டு உயரத்தில் இருக்கும் படத்தை அண்ணாந்தால் இருமல் பிடித்துக்கொள்ளும். அதனால் எங்கள் நூல் உட்கார்ந்தவர் கண்மட்டத்துக்கு ஓடும். இரண்டு படத்துக்கு ஒரு நாற்காலி. ஆணியையெல்லாம் பிடுங்கி ஓட்டையைப் பூசி மறுபடி அடித்தேன். திறந்த அன்று முதலில் வந்த பெரியவர் வாசலிலேயே நின்று, "இன்னாம்மா இது, படத்தையெல்லாம் இடுப்புல மாட்டிகிறீங்க? பால்வாடிப் புள்ளைங்களுக்கா?" என்று கத்தினார். "உக்காந்துட்டுக் கேளுங்கண்ணா" என்றார் மேடம். உட்கார்ந்தார். மூச்சு அடங்கியதும் எதிரே இருந்த படத்தைப் பார்த்தார். அதற்கப்புறம் கேட்கவில்லை. திவ்யா, நூலை ஏற்றாதே.

மேடத்தின் மற்றச் சட்டங்கள் உனக்குத் தெரியும். ஊரில் யார் படம் கொண்டுவந்தாலும் சுவரில் இடம் உண்டு. பரிசு கிடையாது. படத்தின் கீழே வரைந்தவர் பெயரும் என்ன படம் என்பதும் மட்டும். 'அழகிய', 'அற்புத' எதுவும் கூடாது. பிள்ளைகளின் கையைப் பிடித்துத் திருத்தக் கூடாது. பெங்களூரிலிருந்து ஒருமுறை வகுப்பெடுக்க வந்த ஓவியர் மலை வரையச் சொன்னார். அத்தனை பிள்ளைகளும் உச்சி இல்லாத, மேலே மேசை போல் தட்டையான சாம்பல் நிற மேடு வரைந்தார்கள். "மலைக்கு உச்சி எங்கே?" என்று அவர் ஒவ்வொரு தாளாகத் திருத்த ஆரம்பித்தார். மேடம் அவரை ஜன்னலுக்குக் கூட்டிப் போனார். வெளியே சயனைடு மேடு, தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண், தட்டையாகச் சாம்பல் நிறத்தில் வெயிலில் கிடந்தது. ஓவியர் ரப்பரைக் கீழே வைத்தார்.

இனி இரண்டாவது கேள்வி.

அது மூன்று கோடைக்கு முன்னால். தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. சாயந்திர ரயிலிலிருந்து நேராக, கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க ஒரு பெண் வந்தாள். பெயர் ஷீபா. ஈஸ்டர் முடிந்து மே மாதத்தில் கல்யாணம், மாப்பிள்ளை பங்காருப்பேட்டை.

"உங்ககிட்ட போர்ட்ரெயிட் கிளாஸ் இருக்காமே. எங்கப்பாவை வரையணும்."

"போட்டோ கொண்டாங்க, வரைஞ்சிடலாம்."

"போட்டோ இருந்தா நான் ஏன்க்கா இங்க வர்றேன்?"

ராபர்ட்சன்பேட்டையில் கல்யாண ஃபிளெக்ஸ் அடிக்கப் போயிருக்கிறாள். மேல் மூலையில் மெழுகுவர்த்திப் படத்துக்குப் பக்கத்தில் காலமான பெரியவர்களைப் போடுவது வழக்கம். கடைக்காரர் அப்பா போட்டோ கேட்டார். இல்லை என்றதும், அந்த மூலையில் ரோஜாப்பூ போட்டுவிடலாமா என்றார். அந்த ரோஜாவைத் தாங்க முடியாமல் எழுந்து வந்துவிட்டாள்.

அவள் அப்பா சாலமோன், சுரங்கத்தின் கடைசி ஆண்டுகளில் இறந்தவர். ஆழத்தில் பாறை தன் பாரம் தாங்காமல் தானாக வெடித்துச் சரியும். நாங்கள் ஏர் பிளாஸ்ட் என்போம். அப்படி ஒரு சரிவு. ஷீபா அப்போது தாய் வயிற்றில். உடலைப் பெட்டியில் வைத்தபின் திறந்து காட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் முகம் பார்க்காமல் எங்கள் ஜனம் யாரையும் அனுப்பாது. யாரோ வீட்டுக்குள் ஓடி, சுவரில் இருந்த கல்யாணப் படத்தைக் கழற்றி வந்து பெட்டி மூடியின் மேல் வைத்தார்கள். லைன் முழுக்க வந்து அந்தப் படத்தைப் பார்த்து அழுதது. கல்லறைத் தோட்டத்தில் படத்தின் மேல் பூ விழுந்து, பூவின் மேல் பூ விழுந்து, அப்படியே பெட்டியோடு குழியில் இறங்கிவிட்டது. மண் போட்டு முடித்த பிறகுதான் ஒருவருக்கு நினைவு வந்திருக்கிறது. தோண்டுங்கள் என்று யார் சொல்வது? போட்டோ ஒட்டிய வேலைப் பாஸ் அவர் சட்டைப் பையிலேயே போயிருந்தது. வேறு படம் கிடையாது. அவர் பக்கத்துச் சொந்தமும் இல்லை. குடியாத்தத்தில் அத்தை ஒருத்தி வளர்த்த பிள்ளை, அத்தையும் முன்பே போய்விட்டார்.

"ஏஐல போட்டுப் பாக்கலயா?" என்றேன்.

"ஆபீஸ்ல ஒருத்தன் போட்டான். என் மூஞ்சியையும் அம்மா மூஞ்சியையும் குடுத்து அப்பாவை எடுன்னு." போனைக் காட்டினாள். சென்ட் விளம்பரத்தில் வருகிற மாதிரி சிவப்பாக, தாடை செதுக்கிய ஓர் ஆள். "அம்மா பாத்துட்டு, 'இன்னாடி, இவரு அண்டர்கிரவுண்டு போறவரா, அவார்டு வாங்கப் போறவரா?'ன்னாங்க." சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

கோமதி மேடம் முடியாது என்றார். "பாக்காத மூஞ்சிய எப்படி வரைவே?"

"சாமி படம் வரையறோமே, மேடம்."

"கல்யாணத்துக்கு வந்து 'இது அந்தச் சாமி இல்லே'ன்னு எவனும் சொல்லப் போறதில்ல. இவரைப் பாத்தவன் ஊர்ல இன்னும் இருக்கான். அந்தப் பொண்ணு கழுத்துல மாலையோட நிக்கறப்போ அவன் வந்து சொன்னா?"

"பாத்தவங்க இருக்காங்கன்னுதான் நானும் சொல்றேன். அவங்களைக் கேட்டு வரையலாம்."

 மேடம் சுவரைப் பார்த்தபடியே நிபந்தனைகளைச் சொன்னார். ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்க வேண்டும். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் கேட்கக் கூடாது. சொல்லி முடிக்கும் வரை யாருக்கும் படத்தைக் காட்டக் கூடாது. கரிக்கோல் மட்டும், வண்ணம் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில், சர்ச் முடிந்த பிறகு, சர்க்கரை அறையில் கேட்க ஆரம்பித்தேன். அவரோடு ஷிப்ட் பார்த்தவர்கள், சர்ச் பாடற்குழுவில் பாடியவர்கள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் தங்கமான மனுஷன் என்றார்கள். மூக்கு எப்படி இருக்கும் என்றால், "மூக்கு மூக்கு மாதிரிதாம்மா இருக்கும்" என்றார்கள். முகத்தைச் சொல்ல யாருக்கும் வார்த்தை வரவில்லை. இரண்டு ஞாயிறு தாளில் ஒரு கோடுகூட விழாமல் போனது. மூன்றாவது வாரம் கேள்வியை மாற்றினேன். அந்த மாதிரி மூக்கு இப்போது ஊரில் யாருக்கு இருக்கிறது?

சட்டென்று பதில் வந்தது. "மாரிகுப்பம் ஸ்டேஷன்ல டீ விக்கிறானே சேகர், அவன் மூக்கு. அப்படியே." நெற்றி ஒரு ஆட்டோ டிரைவருடையது. தாடை ஒரு பேங்க் அம்மாவுடையது. "ஆம்பளை தாடைதான், ஆனா அந்த அம்மாவுக்குத்தான் கீது" என்று மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னார்கள். வெவ்வேறு ஆட்கள், ஒருவரையொருவர் பார்க்காமல், அதே டீக்கடை மூக்கைச் சொன்னபோது கரிக்கோலை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அந்த மனிதர்களைத் தேடிப் போய் உட்கார வைத்து வரைந்தேன். சேகர் கெட்டிலை இறக்கி வைத்துவிட்டு, "எம் மூக்கா? செத்துப் போனவருக்கா? எம் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா தோஷம்னு பரிகாரம் பண்ண வெப்பாளே!" என்றார். பிளாட்பாரத்தில் நின்றவர்கள், "மூக்குக்கு வாடகை கேளு சேகரு" என்றார்கள். யாருக்கு, எதற்கு என்று விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. சேகர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போட்டோ ஸ்டூடியோவில் உட்காருவது போல் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரயில் வந்து நின்றும் டீ ஊற்ற எழவில்லை.

ஷீபாவின் அம்மா மார்த்தா அக்கா மட்டும் வரவில்லை. ஆஸ்பத்திரியொன்றில் ஆயா வேலை பார்த்து அவளை வளர்த்தவர். நான் வீட்டுக்கே போனேன். காப்பி கொடுத்தார். "எனக்கு ஞாபகம் இல்லம்மா" என்றார். ஞாபகம் இல்லாதவர் முகமாக அது இல்லை. மேலே கேட்கவும் முடியவில்லை.

துண்டு துண்டாக வரைந்தவற்றை ஒரு தாளில் சேர்க்க உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். எல்லாமே பக்கவாட்டு முகம். காது, தாடை, மூக்கின் மேடு, குரல்வளைப் புடைப்பு எல்லாம் தெளிவாக வந்தது. கண்ணைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. கேட்டால் விழித்தார்கள். சுரங்கத்தில் அவரோடு ஒரே ஆழத்தில் வேலை செய்து, அந்தச் சரிவில் பிழைத்து வந்த பெருமாள் அண்ணனிடம் போய்க் கேட்டேன்.

"லைட்டு தலையில கீதும்மா" என்றார் அவர். "நேரா பாத்தா எதிர்ல நிக்கறவன் கண்ணுல அடிக்கும். அதனால பேசறப்போ மூஞ்சிய இப்படித் திருப்பிக்கினுதான் பேசுவோம். அது ஒரு மரியாத. திருப்பாம பேசினா, 'இன்னாடா, குருடாக்கப் பாக்கறியா'ன்னு சண்டைக்கு வருவானுங்க."

"மேலே வந்த பிறகு?"

"கேஜ்ல, அதான் மேல தூக்கற லிப்டுல, ஏறினா தோளோட தோள் நிப்போம். மேல வந்தா குளிச்சிட்டு வூட்டுக்கு ஓடுவோம். எவன் எவன் மூஞ்சிய நேரா பாத்தான், சொல்லு? பதினோரு வருசம் கூட வேல செஞ்சேன். இப்ப நீ கேக்கறப்போதான் தோணுது. சாலமோன் கண்ணு எனக்குத் தெரியாது."

பாடற்குழுவிலும் வரிசையில் பக்கத்தில் நின்றவர்களுக்குக் காதும் கன்னமும்தான் தெரிந்தது.

ஈஸ்டர் முடிந்து கோடைக் கண்காட்சி திறந்தோம். மேடம் பக்கவாட்டு முகத்தையே மாட்டச் சொன்னார். 'சாலமோன். கேட்டு வரைந்தது' என்று கீழே தன் கையால் எழுதினார். அந்த வருடம் அந்த ஒரு நாற்காலி காலியாகவே இல்லை. வந்து உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கத் தாமதித்தார்கள். பழைய ஷிப்ட்காரர் ஒருவர் பார்த்ததும் எழுந்து நின்று, பிறகு மூச்சு முட்டி உட்கார்ந்தார். சேகர் மனைவியோடு வந்து தன் மூக்கைப் பார்த்துவிட்டுப் போனார். அந்த அம்மாள்தான் படத்தின் முன் கும்பிட்டாள்.

ஷீபா சனிக்கிழமை வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இடப்பக்கம் நகர்ந்து பார்த்தாள். வலப்பக்கம் நகர்ந்து பார்த்தாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"ரொம்ப கரெக்ட்டா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்கக்கா."

"உனக்கு எப்படி இருக்கு?"

"என்னைப் பாக்கலயேக்கா" என்றாள்.

கல்யாண நாள் காலையில் சர்ச்சுக்குக் கிளம்பும் முன் பெண் வீட்டில் ஜெபம் செய்வார்கள். அப்பா இல்லாத பெண் அப்பா படத்தின் முன் நின்று ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு படி இறங்குவாள். அன்று அவள் முன்னால் நிற்கப் போவது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிற அப்பா. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது. என்னிடம் கண் இல்லை.

அன்று இரவு தாய்க்கும் மகளுக்கும் பெரிய சண்டை நடந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டுக்காக மையத்தை மூடியிருந்த நேரத்தில் மார்த்தா அக்கா கதவைத் தட்டினார். ஆஸ்பத்திரிப் புடவையிலேயே வந்திருந்தார். நேராகக் கண்காட்சி அறைக்குள் போகாமல் வாசலில் நின்றார்.

"அந்தப் படம் எந்தச் சுவத்துல கீது?"

காட்டினேன். அதற்கு முதுகு காட்டி, ஜன்னலைப் பார்த்தபடி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"பாப்பா, எனக்கு எல்லாம் ஞாபகம் கீது. அதான் வரல. எங்க பக்கத்து வூட்டு கமலா வீட்டுக்காரர் போட்டோ சுவத்துல கீது. அவர் எப்படி இருப்பார்னு அவளைக் கேளு. 'அதோ, போட்டோல கீற மாதிரி'ம்பா. அவ்ளோதான் அவகிட்ட மிச்சம். எங்கிட்ட அப்படி இல்ல. சாப்பிடறப்போ ஒரு மாதிரி இருப்பாரு, தூங்கறப்போ ஒரு மாதிரி. நீ ஒரு படத்தைப் போட்டு, நான் அதைப் பாத்துட்டா, மத்ததெல்லாம் போயிடும். அதுக்குத்தான் பயந்தேன்."

கோமதி மேடம் உள்ளறையிலிருந்து வந்து கதவுப் பக்கம் நின்றிருந்தார்.

"அவ அழறா" என்றார் மார்த்தா அக்கா. "நான் சொல்றேன். நீ வரை. எங்கிட்ட காட்டாதே."

தாளை மாட்டினேன். மேடம் வாசல் கதவைத் தாழிட்டார். கூரைத் தகரம் வெயிலில் படபடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"கண் பெரிசா இருக்குமாக்கா?" என்று ஆரம்பித்தேன்.

"கேக்காதே" என்றார் மேடம். "அவங்களே சொல்லட்டும்."

மார்த்தா அக்கா ஜன்னலைப் பார்த்தபடியே ஆரம்பித்தார். "தூங்கி எழுந்தா வலது கண்ணு முதல்ல தொறக்கும். இடது கண்ணு அப்புறமா வரும். முழுக்க வராது." இடது இமையை ஒரு மயிரிழை இறக்கினேன். "தண்ணி கேக்கறப்போ புருவம் ரெண்டும் மேல போவும். என்னமோ கேக்கறதே தப்புங்கற மாதிரி." வரைந்ததை நான் வார்த்தையில் திருப்பிச் சொன்னேன்: புருவம் நடுவில் உயர்ந்து ஓரத்தில் இறங்குகிறது. "அவ்ளோ இல்ல. இன்னும் நேரா." துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். கன்னம் சிரித்தால்தான் தெரியும் என்றார். சிரிக்கிறாரா என்று கேட்டேன். "வேணாம். பொண்ணைக் கட்டிக் குடுக்கற அன்னிக்கு எந்த அப்பன் சிரிப்பான்?" என்றார்.

"மேல் உதட்டுல ஒரு தழும்பு கீது. சின்ன வயசுல மாடு முட்டினது. மீசை மறைச்சிடும்."

"தெரியற மாதிரி போடவா, மறைஞ்ச மாதிரி போடவா?"

அவர் முதுகு அசையவில்லை.

"மறைச்சிடு" என்றார்.

இப்படியே போனது. நான் சொல்வேன், அவர் திருத்துவார், நான் அழிப்பேன். ஓரிடத்தில் என் கை நின்றுவிட்டது. தாளிலிருந்து ஒருவர் என்னைப் பார்த்தார். நான் உருவாக்கிய முகம் என்று தோன்றவே இல்லை. ஏதோ கேட்க வந்து, கேட்கலாமா என்று தயங்கி நிற்கிற ஓர் ஆள். திரும்பினேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சிதாம்மா?" என்றார் மார்த்தா அக்கா.

"நீங்கதான்க்கா சொல்லணும்."

"சொல்ல இன்னும் கீது. சொல்ல மாட்டேன்" என்று எழுந்தார். மேடம் ஒரு துணியை எடுத்துத் தாளின் மேல் போட்டார். மார்த்தா அக்கா எங்கள் பக்கம் திரும்பாமலே ஜன்னல் ஓரமாக நடந்து வெளியே போய், வெயிலில் முக்காடு போட்டுக்கொண்டு ஷிப்டுக்கு நடந்தார்.

படத்தை ஷீபாவிடம் காட்டினேன். போனை எடுத்துத் தன் முகத்தை அதில் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். "விடியக்காலம் ட்ரெயினுக்கு எழுப்பறப்போ அம்மா என் இடது கண்ணையே பாத்துக்கினு உக்காந்திருப்பாங்கக்கா. 'இன்னாம்மா பாக்கறே'ன்னு கத்துவேன்" என்றாள்.

பெருமாள் அண்ணனையும் வரவழைத்தோம். மேடம் பயந்த ஆள் அவர்தான். கல்யாணத்துக்கு வந்து இது அவர் இல்லை என்று சொல்லக்கூடியவர். நாற்காலியில் உட்கார்ந்து, அடக்கமுடியாத இருமலை அடக்கிக்கொண்டு பார்த்தார். "இவரை நான் பாத்ததில்ல" என்றார். அவர் நாற்காலியோடு பக்கவாட்டுப் படத்தின் பக்கம் திரும்பினார், மறுபடி இதற்குத் திரும்பினார். "ஆனா அவர்தான். அடப்பாவி, இப்படியா பாத்துக்கினு இருந்தே" என்று படத்திடம் சொன்னார்.

ஃபிளெக்ஸ் கடைக்காரர் ரோஜாவை எடுத்துவிட்டு அப்பாவைப் போட்டார்.

கல்யாணத்தன்று காலையில் நானும் மேடமும் வீட்டுக்கே போயிருந்தோம். லைன் வீட்டு முன்னறையில் நிற்க இடமில்லை. மேசைமேல் வெள்ளைத் துணி, அதன்மேல் சட்டமிட்ட படம், அதுவரை ஒரு சேலையால் மூடியிருந்தது. மார்த்தா அக்கா அதன் பக்கம் போகவே இல்லை. அடுப்பங்கரைக்கும் வாசலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். போதகர் ஐயர் வந்து ஜெபிக்க எழுந்து நின்றதும் யாரோ சேலையை எடுத்தார்கள். வெள்ளை கவுனில் ஷீபா படத்துக்கு நேரே நின்றாள். எல்லோரும் கண்களை மூடினார்கள். மார்த்தா அக்காவும் மகள் பக்கத்தில் வந்து நின்று கண்களை மூடினார். ஜெபம் செய்யத் தெரியாத நான் மட்டும் திறந்து வைத்திருந்தேன். மார்த்தா அக்கா விரும்பினால் ஆமென் சொன்னதும் படத்தைப் பார்க்காமலே திரும்பி நடந்துவிடலாம். ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஆமென் என்றார்கள். ஷீபா படத்தின் முன் தலை குனிந்தாள். மார்த்தா அக்கா கண்களைத் திறந்தார். படத்தைப் பார்த்தார். ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்புவார் என்று நினைத்தேன். திரும்பவில்லை. வெளியே கார் ஹார்ன் அடித்தது. யாரோ "நேரமாச்சு, நேரமாச்சு" என்றார்கள். அப்போதும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஷீபாவின் முக்காட்டைச் சரிசெய்து, கையைப் பிடித்துப் படி இறக்கினார்.

சர்ச் வளாகத்துப் பந்தலில் சாப்பாடு நடந்தது. மார்த்தா அக்கா பிரியாணி வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்குப் பந்தி நடந்தார். என் இலைக்கு வந்தபோது குனிந்து பரிமாறினார். கேட்கக் கூடாது என்று தெரியும். அவசரக்காரி நான், கேட்டுவிட்டேன்.

"அக்கா, பாத்துட்டீங்களே... மத்ததெல்லாம்?"

கரண்டியை வாளியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் வியர்வை. பந்தல் ஓரத்தில் ஷீபா மாப்பிள்ளையோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அது அவளோட அப்பா, பாப்பா. என் வீட்டுக்காரர் எங்கிட்டதான் கீறார். நீ சாப்பிடு."